ஓர் அடி இடப்பக்கம்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டால் முதுநகர் ரயிலடிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் பெஞ்சு காலியாக இருக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கடைக்காரர் டிவியை அணைத்துவிடுவார். இளவரசு தன் செல்போனில் வெள்ளாறு பண்பலையின் ஆப்பைத் திறந்து, சத்தம் தூக்கலாகக் கேட்பதற்காகப் போனை ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்துவான். சிதம்பரத்திலிருந்து வரும் அந்த ரேடியோ முதுநகர் வரைக்கும் காற்றில் வராது, நெட்டில்தான் வரும். வந்துதான் என்ன வாழ்ந்தது? வாரா வாரம் முதுநகர் பிரதர்ஸ் அணியை வைது தீர்ப்பதுதான் அந்த ‘ஆடுகளம்’ நிகழ்ச்சியின் முக்கால்வாசி வேலை. வசவு வாங்குவதற்கென்றே டேட்டா செலவழிக்கும் கூட்டம் உலகத்திலேயே இந்த ஒரு கடையில்தான் உண்டு.

வைவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாவட்ட லீக்கின் முதல் டிவிஷனில் எட்டு அணிகள். பாதி சீசன் முடிந்திருந்தது. பிரதர்ஸ் ஏழு ஆட்டம் ஆடி, ஒன்றில் ஜெயித்து, ஒன்றில் டிரா செய்து, ஐந்தில் தோற்று, ஏழாவது இடத்தில் இருந்தது. எட்டாவதாக முடிக்கிற அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஆட்டக்காரர் பட்டியலில் பதினெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் தீபாவளி கழிந்ததும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவன் லெஃப்ட் பேக், இன்னொருவன் இரண்டாவது கோல்கீப்பர். காலியான அந்த இரண்டு இடத்தையும் ஜனவரியில் நிரப்பிக்கொள்ளலாம். அதை விட்டால் சீசன் முடியும்வரை ஒரு பெயரைக்கூட மாற்ற முடியாது.

“லெஃப்ட் பேக் ஒண்ணு, ஸ்ட்ரைக்கர் ஒண்ணு. இதுல பேச இன்னா இருக்குது?” என்றான் இளவரசு. துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் அவன். நாற்பத்து நாலு வயது. பள்ளிக்கூட நாளில் அவனும் பந்து ஆடினான் என்பது அவன் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் பேச்சில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“ஸ்ட்ரைக்கர் வந்து இன்னா செய்வான்? அவன் ஒண்ணு போட்டா நாம மூணு வாங்குறோம்.” உத்திராபதி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷமாகப் பிரதர்ஸின் ஓர் ஆட்டத்தைக்கூட விட்டவர் இல்லை. “குமராட்சிப் பையன் ஒருத்தன் சிதம்பரத்துல காலேஜ் படிக்கிறான். செம்பியன்னு பேரு. ஆறடி ஒசரம். நேத்து போன்ல பேசினேன், வர்றேங்கிறான். அவன கோல்ல நிறுத்துவோம். ஆரோக்கியராஜ் ரெண்டாவது கீப்பரா இருக்கட்டும்.”

“ஆரோக்கியராஜ பெஞ்சுல உக்கார வெக்கச் சொல்றீங்களா மாமா? பதினாறு வருஷம் ஆடுனவன.”

“அவன் மனசு நோவாதுடா. அத என்கிட்ட வுடு.”

இளவரசுக்குச் சுரீரென்றது. கோல்கீப்பர் ஆரோக்கியராஜ் அவனுக்கு ரத்த சொந்தம் இல்லை, சாதி வேறு, மதம் வேறு. ஆனாலும் இருபது வருஷமாக மச்சான் என்றுதான் இருவரும் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆரோக்கியராஜின் நிலைமை இந்தப் பெஞ்சில் இளவரசு ஒருவனுக்குத்தான் தெரியும். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக விளையாட்டு ஆசிரியராக ஆறு வருஷம் ஓட்டிவிட்டான். வரும் ஜூனில் நிரந்தரம் ஆக்குவதாகப் பள்ளியின் தாளாளர் அம்மா சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. அவன் முதல் டிவிஷன் ஆட்டக்காரனாக இருக்க வேண்டும். அட்மிஷன் நோட்டீசில் அப்படிப் போட்டால்தான் பெற்றோர் கூட்டம் வருமாம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு யார் வேலையை நிரந்தரம் ஆக்குவார்கள் என்பது இளவரசின் கணக்கு. முப்பத்தேழு வயதில் அந்த வேலையும் போனால் ஆரோக்கியராஜ் மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி தூக்கத்தான் போக வேண்டும். அதற்கும் அவன் தோள் லாயக்கில்லை.

டம்ளருக்குள்ளிருந்து தில்லைநாதனின் குரல் வந்தது. சிதம்பரத்துக்காரர். பழைய கல்லூரி ஆட்டக்காரர். நெய் ஊற்றிப் பேசுவார், நடுவில் ஊசி இருக்கும்.

“முதுநகர் கோல்கீப்பருக்கு வயசாயிடுச்சின்னு நான் சொல்ல மாட்டேன் நேயர்களே. வயசு எல்லாருக்கும்தான் ஆவுது. நான் நிக்கிற இடத்தப் பத்திப் பேசுறேன். ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல நிக்கணும்னு ஆறாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். இவரு எப்பப் பாத்தாலும் ஓர் அடி தள்ளித்தான் நிக்கிறாரு. ரேஷன் கடை வரிசையில பின்னால வர்றவங்களுக்கு வழி வுட்டு நிக்கிற மாதிரி. பதினாறு வருஷமா ஆடுறாராம். கோலுக்கு நடு எதுன்னு யாராவது அவருக்குக் காட்டக் கூடாதா?”

கடையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நம் ஆளைப் பற்றித்தான் சொல்கிறான் என்று தெரிந்தும் சிரிப்பு வந்துவிட்டது. உத்திராபதி சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இளவரசுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பான். அந்த ஓர் அடியைச் சொன்னதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவனின் போனை வாங்கி நிகழ்ச்சி நம்பரைப் போட்டான். நாலாவது முறையில் லைன் கிடைத்தது. டம்ளரின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து நின்றான். உட்கார்ந்து பேசினால் அவனுக்குப் பேச்சு வராது.

“முதுநகர்லேர்ந்து இளவரசு பேசுறேன் சார். உங்களுக்குப் பந்து தெரியும். கோல்கீப்பர் வேல தெரியாது.”

“சொல்லுங்க, கத்துக்குறேன்.”

“அவரு ஓர் அடி தள்ளி நிக்கிறாருன்னீங்களே, எந்தப் பக்கம் தள்ளி நிக்கிறாருன்னு பாத்தீங்களா? அவரோட எடப்பக்கம். ஏன்னு தெரியுமா? ரெண்டு வருஷத்துக்கு முன்ன உப்பனாத்துப் பாலத்துல பைக் சறுக்கி அவரு எடது தோளு எறங்கிப்போச்சு. நான்தான் தூக்கிட்டுப் போயி கட்டுப் போட வெச்சேன். முட்ட வெள்ளைக்கருவும் மூங்கில் பட்டையுமா நாப்பது நாளு கெடந்தாரு. அந்தக் கை இன்னிக்கும் காதுக்கு மேல எழும்பாது சார். சட்ட போடவே அவரு சம்சாரம் ஒத்தாச பண்ணணும்.”

ஊசிக்காரரே வாயை மூடிவிட்டார் என்றதும் இளவரசுக்கு ஊற்று திறந்துகொண்டது.

“வேற ஆளா இருந்தா வீட்ல படுத்திருப்பான். இவரு இன்னா செஞ்சாரு? எடப்பக்கம் ஓர் அடி தள்ளி நின்னாரு. அப்ப அடிக்க வர்றவனுக்கு இவரோட வலப்பக்கம் பெரிசாத் தெரியும். ஆசப்பட்டு அங்கதான் அடிப்பான். இவரு வலது கை இருக்கே, அது வலை சார். அப்டியே அள்ளிடுவாரு. ரெண்டு வருஷமா இந்த மாவட்டத்துல அத்தன ஸ்ட்ரைக்கரையும் ஒத்தக் கைய வெச்சிக்கிட்டு ஏமாத்திக்கிட்டு இருக்காரு. ஒருத்தனுக்கும் தெரியல. உங்களுக்கே தெரியல. அவருக்கு நடு எதுன்னு தெரியலன்னு சொல்றீங்க. அவரு நின்ன எடம்தான் சார் எங்களுக்கு நடு.”

கடை முழுக்கக் கை தட்டியது. தில்லைநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். அவருக்கு என்னோட வணக்கம்” என்றார். அந்த நிகழ்ச்சியின் சரித்திரத்தில் அவர் ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றது அதுதான் முதல் தடவை. இளவரசு போனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தபோது கடைக்காரர் காசு வேண்டாம் என்று ஒரு டீ போட்டுக் கொடுத்தார். உத்திராபதி மட்டும் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து போனார். வாதத்தில் தோற்ற கடுப்பு என்று இளவரசு நினைத்துக்கொண்டான். அந்த டீ மாதிரி ஒரு டீயை அவன் ஜன்மத்தில் குடித்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பேர் படிப்பு. பிரதர்ஸுக்கு மட்டும் உள்ள வழக்கம் அது. பட்டியலைச் சங்கத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் மைதானத்தில் ரசிகர்களைக் கூட்டி ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அந்தப் பெயர் படிக்கப்பட்டவுடன் எழுந்து சொல்ல வேண்டும். ஆட்டக்காரனே எழுந்து நான் விலகிக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். படித்து முடித்த பிறகு பிரம்மாவே வந்து கேட்டாலும் மாற்றமில்லை. செயலாளர் அன்புமணி ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஆணி எண்ணிக் கொடுப்பதைப் போல நிதானமாகப் படிப்பார்.

“முதல் கோல்கீப்பர், ஆரோக்கியராஜ்.”

கை தட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. நெட்டையான மனுஷன் கூட்டத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய சின்ன மகள் பொன்னி அவன் மடியில் ஏறி நின்று எல்லோரோடும் சேர்ந்து தட்டியது. உத்திராபதி ஆரோக்கியராஜையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஆட்சேபம் சொல்வார் என்று இளவரசு பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தான். அவர் எழவில்லை. காலி இடங்களுக்கு ஒரு லெஃப்ட் பேக்கும் ஒரு ஸ்ட்ரைக்கரும் சேர்க்கப்பட்டார்கள். இரண்டாவது கீப்பர் வேண்டாமா என்று அன்புமணி கேட்டதற்கு, “ஒத்தக் கையிலயே நிப்பாட்டுறவரு இருக்காரு, இன்னும் எதுக்கு?” என்று யாரோ கூட்டத்திலிருந்து சொன்னார்கள். அதற்கும் ஒரு கை தட்டல். குமராட்சிப் பையன் செம்பியனை அந்த வாரமே சிதம்பரம் அணி வளைத்துப் போட்டுக்கொண்டது.

திங்கட்கிழமை காலையில் ஜெயராணி துறைமுகத்துக்கே வந்துவிட்டாள். ஆரோக்கியராஜின் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டிக்குப் போகிற வழியில் யூனிஃபார்மோடு வந்திருந்தாள். இளவரசு கையில் கிரீஸோடு எஞ்சினிலிருந்து தலையைத் தூக்கினான். பாராட்ட வந்திருக்கிறாள் என்றே நினைத்தான்.

“ஏன்ணே சொன்னீங்க?”

“இன்னாம்மா?”

“எந்தக் கைன்னு சொன்னீங்க. எவ்ளோ ஒசரம் எழும்பும்னு சொன்னீங்க. எந்தப் பக்கம் அடிக்க வெச்சி அவரு ஏமாத்துறாருன்னும் சொன்னீங்க. பாக்கி ஏதாவது இருக்காண்ணே?” அவள் குரலை உயர்த்தவே இல்லை. “ரெண்டு வருஷமா எங்க அம்மாவுக்குக்கூட நான் இதச் சொல்லல.”

அப்போதுதான் இளவரசுக்கு உறைத்தது. கிரீஸ் கையைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது தான் கெடுவதோடு நிறுத்திக்கொள்ளும். இவன் தன் வாயால் இன்னொரு குடும்பத்தையே கெடுத்திருந்தான். மாவட்டத்தில் பந்து ஆடுகிற ஒவ்வொருவனும் கேட்கிற நிகழ்ச்சி அது.

“அவன் இன்னா சொன்னான்?” என்று கேட்டான்.

“அவரு ஒண்ணும் சொல்லல. அதான் எனக்குப் பயமா இருக்கு.” அவள் போய்விட்டாள்.

அடுத்த ஆட்டம் பண்ருட்டி அணியோடு. அந்த அணியின் ஸ்ட்ரைக்கர் முதலில் கொஞ்ச நேரம் சும்மா நடந்து பார்த்துவிட்டு, இருபதாவது நிமிஷத்தில் ஆரோக்கியராஜின் இடப்பக்க மூலையில், குறுக்குக் கம்பத்தை ஒட்டி, பந்தைத் தூக்கிப் போட்டான். ஆரோக்கியராஜ் வலக் கையைத் தலைக்கு மேலாகக் குறுக்கே கொண்டுவந்து எட்டப் பார்த்தான். எட்டவில்லை. நாலு கோல் விழுந்தது. நாலும் அதே மூலை. அதற்கடுத்த ஆட்டத்தில் ஆரோக்கியராஜ் இரண்டு அடி இடப்பக்கம் தள்ளி நின்றான். வலப்பக்கம் வீட்டு வாசலைப் போலத் திறந்து கிடந்தது. அங்கே மூன்று போட்டார்கள். நட்ட நடுவில் நின்று பார்த்தான். மறுபடி இடது மூலை. எங்கே நின்றாலும் அவனைப் பற்றி எதிராளிக்குத் தெரிந்திருந்தது. புதிதாக வந்த ஸ்ட்ரைக்கர் பாவம், நல்ல பையன், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கோல் போட்டான். ஒன்று போட்டு மூன்று வாங்கினார்கள், உத்திராபதி சொன்னபடியே.

இளவரசு ஒரு காரியம் செய்தான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற காரியம். ஒரு சனிக்கிழமை தனியாக உப்பனாற்றங்கரைக்குப் போய், அங்கிருந்து நிகழ்ச்சிக்குப் போன் போட்டான்.

“போன தடவ நான் சொன்னது சும்மா சார். ஆரோக்கியராஜுக்குத் தோள்ல ஒண்ணுமில்ல. எதிராளிய ஏமாத்துறதுக்காக நான்தான் கட்டிவுட்டேன்.”

தில்லைநாதன் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“இளவரசு சார், நீங்க பேசினதக் கேட்டுட்டு எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல. பொய்ய அப்டிப் பேச முடியாது. நேயர்களுக்காக அத இன்னொரு தடவ போட்டுக் காட்டுறேன்” என்று சொல்லி, அந்தப் பழைய பேச்சை ஒலிபரப்பினார். ‘அவரு நின்ன எடம்தான் சார் எங்களுக்கு நடு’ என்ற தன் குரலை இளவரசு ஆற்றங்கரையில் நின்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் கேட்க முடியாமல் போனை அணைத்தான். முதல் தடவை தவறவிட்டிருந்த இரண்டொரு அணிக்காரர்களும் இப்போது கேட்டிருப்பார்கள். அன்று ராத்திரிக்குள் அது வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது, மேலே மாலையும் கும்பிடும் கைகளும் போட்ட படத்தோடு.

டீக்கடையில் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. ரசிகர்களுக்கு அது ஒரு வசதி. லெஃப்ட் பேக் சரியில்லை என்றார்கள். நடு ஆட்டத்தில் ஆள் போதாது என்றார்கள். மைதானத்தில் புல்லே இல்லை என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஒவ்வொரு வாரமும் யார் யாரை எடுத்திருக்கலாம் என்று காகிதத்தில் எழுதி எழுதிக் கிழித்தார்கள். கோல்கீப்பர் என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் டீயைக் குடித்தார்கள். உத்திராபதிகூட, “இருக்கிறவனோட ஆட வேண்டியதுதான்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவர் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் இளவரசு அவர் காலில் விழுந்திருப்பான்.

ஆரோக்கியராஜும் எப்போதும் போலவே பேசினான், பயிற்சிக்கு வந்தான், கடையில் டீ குடித்தான். அந்த ரேடியோப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இளவரசும் எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவன் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் தோளில் ஒத்தடம் கொடுக்க ஜெயராணிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று பொன்னிதான் ஒருநாள் சொன்னது.

கடைசி ஆட்டம் மார்ச் மாதத்தில், சிதம்பரத்தில். அதற்குள் பிரதர்ஸ் எட்டாவது இடத்துக்கு இறங்கியிருந்தது. டிரா செய்தால் ஒரு புள்ளி கிடைக்கும், தன் ஆட்டங்களை முடித்துவிட்ட பண்ருட்டியை அந்த ஒரு புள்ளியில் முந்தி ஏழாவதாகத் தப்பித்துவிடலாம். தோற்றால் இரண்டாம் டிவிஷன். பள்ளிக்கூடத்துத் தாளாளர் அம்மா சீசன் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முதுநகரிலிருந்து ஒரு மினி பஸ் பிடித்து நாற்பது பேர் போனார்கள். வழியெல்லாம் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

இளவரசு ஆரோக்கியராஜின் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். எதிர்க் கோலில் ஆறடி உயரத்தில் செம்பியன் நின்றான். உத்திராபதி கூட்டிவரப் பார்த்த அதே பையன்.

அன்றைக்கு ஆரோக்கியராஜ் ஆடியதைப் போல அவன் என்றைக்கும் ஆடியதில்லை. இடது மூலைக்கு வந்த பந்துகளை வலக் கையால் எட்டுவதற்காக உடம்பையே திருப்பிக்கொண்டு பாய்ந்தான். ஒரு பந்தை நெற்றியால் தள்ளினான். ஒன்று கம்பத்தில் பட்டு வந்ததை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தான், இடது தோள் தரையில் பட. எழுந்திருக்க அவனுக்கு நேரமானது. வலையின் இந்தப் பக்கம் நின்ற இளவரசுக்கு அவன் முனகுவது கேட்டது. ஒன்றுக்கு ஒன்று என்று எண்பத்தைந்து நிமிஷம் ஓடியது. இன்னும் ஐந்து நிமிஷம். இளவரசு தில்லை அம்மனையும் வேளாங்கண்ணி மாதாவையும் சேர்த்தே வேண்டிக்கொண்டான்.

அடுத்து வந்தது ஒரு ஷாட்டே இல்லை. சிதம்பரம் ஆள் ஒருவன் கால் இடறி, சரியாகப் படாமல் தூக்கிவிட்ட பந்து. வேகமே கிடையாது. மெதுவாக, உயரமாக, ஆரோக்கியராஜின் இடது தோளுக்கு மேலே வந்தது. நின்ற இடத்திலேயே கையைத் தூக்கியிருந்தால் எவனும் பிடித்திருப்பான். ஆரோக்கியராஜும் தூக்கினான். அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். கை காதுவரை வந்து நின்றது. பந்து அதற்கு ஒரு முழம் மேலே போய், வலையில் உட்கார்ந்து, இளவரசின் முன்னால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சிதம்பரத்து ரசிகர்கள்கூட உடனே கத்தவில்லை. கடைசி நிமிஷத்தில் பிரதர்ஸ் ஸ்ட்ரைக்கர் அடித்த நல்ல பந்து ஒன்றைச் செம்பியன் இரண்டு கையாலும் பறித்து எடுத்தான். அத்தோடு விசில்.

திரும்பும்போது இளவரசு மினி பஸ்ஸில் ஏறவில்லை. ஆரோக்கியராஜ் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்து, தானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ் வெள்ளாற்றுப் பாலம் தாண்டியது.

“ஸ்கூல்லேர்ந்து போன் வந்திச்சி. மேடம் ஏற்கெனவே வேற ஒருத்தரப் பாத்து வெச்சிருக்காங்களாம். ஏப்ரலோட போதும்னுட்டாங்க” என்றான் ஆரோக்கியராஜ்.

“நான்தான்டா கெடுத்தேன். வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்காம எல்லாத்தையும் நான்தான் போட்டு ஒடச்சேன்.” இளவரசு இரண்டு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். “என்ன நாலு அறை அறைஞ்சிடு மச்சான்.”

“அதில்ல மச்சான். ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத.” ஆரோக்கியராஜ் இடக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். “பேர் படிப்புக்கு முந்தின வியாழக்கெழம உத்திராபதி மாமா ஸ்கூலுக்கே வந்தாரு. அந்தக் குமராட்சிப் பையன் ஆடட்டும், நீ ரெண்டாவதா இருக்கியான்னு கேட்டாரு. நான் சரின்னுட்டேன்.”

“சரின்னியா?”

“எனக்கு நிம்மதியா இருந்திச்சி. தோளு வலி தாங்கல மச்சான். மேடமும் லிஸ்ட்ல பேர் இருந்தாப் போதும்னுதான் சொன்னாங்க. ஆடுறேனா, பெஞ்சுல உக்காந்திருக்கேனான்னு அவுங்க கேக்கவே இல்ல. டீம் மொதல் டிவிஷன்ல இருக்கணும், அவ்ளோதான். ஞாயித்துக்கெழம நானே எந்திரிச்சி சொல்றேன், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு மாமாகிட்ட சொல்லியிருந்தேன்.”

இளவரசு அவன் பக்கம் திரும்பினான். “ஏன் சொல்லல?”

“எப்டிச் சொல்றது? முந்தின நாள் நீ ரேடியோவுல அப்டிப் பேசியிருக்க. என் பேரு சொன்னதும் ஊரே கை தட்டுது. பொன்னி மடியில நின்னுக்கிட்டு தட்டுது. மாமா என் மூஞ்சியவே பாத்தாரு. நான் குனிஞ்சிக்கிட்டேன்.” வெளியே பார்த்தபடியே சொன்னான். “பொய் சொல்லக் கூடாது, எனக்கும் ஆசையாத்தான் இருந்திச்சி. ஒருத்தன் நம்மளப் பத்தி இவ்ளோ சொல்றானே, நெசமாவே நாம அப்டித்தானோன்னு.”

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்க இளவரசு வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். இருபது வருஷப் பழக்கத்தில், உனக்கு ஆட இஷ்டமா என்று தானும் அவனை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. கண் கலங்கிவிட்டது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

பஸ் புதுச்சத்திரத்தில் நின்று கிளம்பியது. ஆரோக்கியராஜ் அவன் முதுகில் வலக் கையை வைத்தான்.

“வுடு மச்சான். அடுத்த வருஷம் ரெண்டாவது டிவிஷனுக்கு எந்தப் பையன் வருவான்? மறுபடியும் நான்தான் நிக்கணும்.”

இளவரசு ஊர்ப் பையன்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான், கோலில் நிறுத்த ஒன்றுகூடத் தேறவில்லை.